மின்னலை அளந்த மேதை

நுழையும்முன்

வானத்து மின்னலைக் கண்டு பழங்கால மனிதர் அஞ்சினர். அதனைத் தெய்வத்தின் படைக்கலமாகக் கருதி வணங்கினர். மின்சாரம் வீடுதோறும் வந்த பிறகு அவ்வச்சம் வேறு வடிவம் கொண்டது. எங்கோ ஒரு குன்றின்மேல் இறங்கிய மின்னல், கம்பி வழியே பயணம் செய்து நெடுந்தொலைவில் உள்ள ஊரையே இருளில் ஆழ்த்தியது. அந்தப் பயணத்தைக் கணிதத்தால் பின்தொடர்ந்து, மின்னலின் பாய்ச்சலை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டியவர் ஓர் அறிஞர். நான்கடி உயரமே கொண்ட அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையும் மின்னலும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் கண்ணிகளுள் ஒன்று கல்வராயன் மலை. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றுக்கு அண்டையில் அமைந்துள்ள இம்மலை, சின்னக் கல்வராயன் என்றும் பெரிய கல்வராயன் என்றும் இருபகுதிகளாக வழங்கப்படுகிறது. கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் இங்கே பிறந்து, கள்ளக்குறிச்சிச் சமவெளியின் கரும்புக்கும் நெல்லுக்கும் நீர் வார்க்கின்றன. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் மலைச்சரிவுகளில் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் விட்டுவிட்டு அமைந்துள்ளன. 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது இம்மலையின் பெரும்பகுதி அதனுள் அடங்கியது.

சித்திரை, வைகாசி மாதங்களில் சமவெளி கொதிக்கும். சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவின்மேல் ஏறும். உயரே சென்று குளிரும். பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். மாலையில் மின்னலும் இடியும் சேர்ந்து வரும். கோடைமழை உழவர்க்கு வரம். ஆனால், மலைச்சரிவில் கம்பம் கம்பமாக ஏறிச்செல்லும் மின்பாதைக்கு அதுவே சோதனைக்காலம். சுற்றியுள்ள பரப்பைவிட உயர்ந்து நிற்பதாலும், வெட்டவெளியில் நெடுந்தொலைவு செல்வதாலும் மின்பாதை மின்னலுக்கு எளிதில் இலக்காகிறது. சமவெளியில் ஒரு மின்மாற்றி பழுதானால் மாற்று ஏற்பாட்டிற்கு வழியுண்டு. மலையுச்சிச் சிற்றூருக்கோ அந்த ஒரு மின்மாற்றியே விளக்கு, அதுவே குடிநீர், அதுவே பள்ளியின் கணினி.

அந்த மின்மாற்றியை அண்ணாந்து பார்த்தால், அதன் அருகே மூன்று கம்பிகளுக்கும் ஒவ்வொன்றாக, வளையம் வளையமாக அமைந்த மூன்று சிறிய உருளைகளைக் காணலாம். மின்பணியாளர்கள் அவற்றை லைட்னிங் அரெஸ்டர் என்பர். ஊர்மக்கள் இடிதாங்கி என்பர். நாம் அதனை மின்னெழுச்சிக் காப்பான் என்று குறிப்போம். இச்சிறு கருவிக்குப் பின்னால் பலருடைய உழைப்பு உண்டு. அவர்களுள் முதன்மையானவர்களில் ஒருவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ்.

பிறப்பும் இளமையும்

ஸ்டைன்மெட்ஸ் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று வ்ரோட்ஸ்வாஃப் என்னும் பெயரில் போலந்து நாட்டில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப். தந்தை இருப்புப்பாதைத் துறையில் கல்லச்சுக் கலைஞராகப் பணியாற்றியவர். தாய், குழந்தைக்கு ஓராண்டு நிறையும் காலத்திலேயே மறைந்தார். பாட்டியின் அரவணைப்பில் குழந்தை வளர்ந்தது.

முதுகெலும்பு வளைந்து கூன் விழும் குறை அவருடைய தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்தது; அதே குறை அவருக்கும் பிறவியிலேயே வாய்த்தது. வளர்ந்த பின்னும் அவரது உயரம் ஏறத்தாழ நான்கடியே. ஓடியாடும் விளையாட்டுகளில் அவருக்கு இடமில்லை. எண்களின் உலகில் தமக்கென ஓரிடம் கண்டார். 1883ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் பயின்றார்.

அங்கே மாணவர் கணிதக் கழகத்தில் நண்பர்கள் அவருக்குப் புரோட்டியஸ் என்று பட்டப்பெயர் சூட்டினர். கிரேக்கத் தொன்மத்தில் வரும் கடல் முதியவர் புரோட்டியஸ். நினைத்த உருவத்தை எடுக்க வல்லவர். விடாது பற்றிக்கொள்வோர்க்கு மறைபொருளைச் சொல்பவர். சிறிய உருவத்துக்குள் பெரிய ஆற்றல் இருந்ததை நண்பர்கள் அறிந்திருந்தனர். பிற்காலத்தில் அப்பெயரையே அவர் தம் பெயரின் பகுதியாக்கிக் கொண்டார்.

துறைமுகத்தில் நின்ற இளைஞர்

அக்காலச் செருமனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி பொதுவுடைமைச் சார்புடைய இயக்கங்களைச் சட்டத்தால் ஒடுக்கியது. உழைக்கும் மக்களின்பால் பரிவு கொண்ட ஸ்டைன்மெட்ஸ், தடை செய்யப்பட்ட கருத்துகளைப் பரப்பும் இதழொன்றின் பணியில் ஈடுபட்டார். காவல்துறையின் பார்வை அவர்மேல் விழுந்தது. முனைவர் பட்ட ஆய்வு நிறைவுறும் தறுவாயில், 1888ஆம் ஆண்டில், கைதாவதைத் தவிர்க்க நாட்டை விட்டு வெளியேறினார். பட்டம் கைக்கு வரவில்லை. தாயகமும் கைவிட்டுப் போயிற்று.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சிறிது காலம் பயின்றபின், 1889ஆம் ஆண்டில் ஆஸ்கர் ஆஸ்முசன் என்னும் நண்பருடன் அமெரிக்காவிற்குக் கப்பல் ஏறினார். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற்ற அலுவலர்கள் அவரை நிறுத்தினர். கூன் விழுந்த உடல், வெறுங்கை, அரைகுறை ஆங்கிலம். இவர் நாட்டுக்குச் சுமையாவார் என்று எண்ணி அவர்கள் திருப்பியனுப்ப முற்பட்டனர். உடன் வந்த நண்பர் குறுக்கிட்டு, இவரைத் தாம் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பேற்ற பின்னரே கதவு திறந்தது.

அன்று நண்பர் ஒருவரின் சொல் இல்லாதிருந்தால், மின்பொறியியலின் வரலாறு சில பக்கங்களை இழந்திருக்கும். ஒருவருடைய உடலைப் பார்த்து அவருடைய பயனை அளவிடுவது எவ்வளவு பிழையான அளவை என்பதற்கு அத்துறைமுகக் காட்சியே சான்று.

காந்தத் தயக்கமும் கணிதமும்

நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் ருடால்ஃப் ஐக்மேயர் என்பவரின் தொழிற்கூடத்தில் அவருக்கு வரைவாளர் வேலை கிடைத்தது. மின்மோட்டார்கள் உருவாகிக் கொண்டிருந்த இடம் அது. அங்கே ஒரு சிக்கல் அவரை ஈர்த்தது.

மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடிக்குள் பலமுறை திசை மாறும். அது பாயும்போது மோட்டாரிலும் மின்மாற்றியிலும் உள்ள இரும்பு, முன்னும் பின்னுமாகக் காந்தமாக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் இரும்பு சற்றே தயங்கி மாறுகிறது. அத்தயக்கத்தில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. இதற்குக் காந்தத் தயக்கம் என்று பெயர். எவ்வளவு வீணாகும் என்பதை முன்கூட்டிக் கணிக்க அந்நாளில் வழியில்லை. கருவியைச் செய்து, ஓட்டிப் பார்த்து, சூடேறினால் மாற்றிச் செய்தனர். ஸ்டைன்மெட்ஸ் பலவகை இரும்புகளை எடுத்துப் பொறுமையாக அளந்தார். காந்தச் செறிவின் உச்ச அளவு உயரும்போது, அதன் 1.6 அடுக்குக்கு ஏற்ப இழப்பு உயர்வதைக் கண்டார். 1892ஆம் ஆண்டில் இவ்விதியை அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் வெளியிட்டபோது அவருக்கு வயது 26.

மறு ஆண்டு சிகாகோவில் நடைபெற்ற பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் அவர் மற்றொரு கொடையை அளித்தார். மாறுதிசை மின்னோட்டக் கணக்குகள் பக்கம் பக்கமாக நீளும் இயல்புடையவை. கலப்பெண்களைக் கையாண்டால் அவை எளிய இயற்கணிதமாகச் சுருங்கும் என்று அவர் காட்டினார். நடைமுறைக்கு உதவாதவை எனப் பலரும் கருதிய எண்கள் மின்பொறியாளரின் அன்றாடக் கருவியாயின. இன்றும் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் அம்முறையையே கற்கின்றனர்.

ஐக்மேயரின் தொழிற்கூடத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் விலைக்கு வாங்கியபோது ஸ்டைன்மெட்ஸும் அந்நிறுவனத்தின் பணிக்கு மாறினார். 1894ஆம் ஆண்டில் ஸ்கெனக்டடி நகரில் குடியேறினார். வாழ்நாளின் எஞ்சிய காலம் முழுவதும் அந்நகரமே அவருடைய ஊராயிற்று.

கம்பி வழியே ஓடும் அலை

1896ஆம் ஆண்டில் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரை அடைந்தது. மின்நிலையம் ஓரிடத்திலும் ஊர் வேறோரிடத்திலும் அமையும் காலம் பிறந்தது. மின்பாதைகள் நீண்டன, அழுத்தம் உயர்ந்தது. அவற்றோடு புதிய துன்பமும் வந்தது. இடிமழை பெய்தால் விளக்குகள் அணைந்தன, மின்மாற்றிகள் கருகின. மின்னல் விழுந்த இடம் ஒன்று, கருவி பழுதான இடம் வேறொன்று என்பது பலரைத் திகைக்க வைத்தது.

ஸ்டைன்மெட்ஸ் இச்சிக்கலைக் கணிதத்தால் அணுகினார். மின்பாதையில் ஆற்றல் இருவகையாகத் தங்கியிருக்கும். மின்னோட்டத்தைச் சூழ்ந்த காந்தப்புலத்தில் ஒரு பகுதியும், மின்னழுத்தத்தைச் சார்ந்த மின்புலத்தில் மற்றொரு பகுதியும் தங்கும். நிலைமை திடீரென மாறினால், அவ்வாற்றல் உடனே புதிய நிலைக்கு அடங்கிவிடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி அலைபாயும். அந்த இடைக்கால அலைபாய்வே மின்னெழுச்சி. கிணற்று மோட்டாரின் நீர் விரைந்தோடும்போது குழாயின் வாயைச் சட்டென அடைத்தால், குழாய் முழுவதும் அதிர்வதைக் கண்டிருப்பீர்கள். மின்பாதையிலும் அத்தகைய அதிர்வு எழுகிறது.

ஆகவே மின்னல் மட்டுமே மின்னெழுச்சிக்குக் காரணம் என்று எண்ணுதல் தவறு. பெரிய மின்சுற்றைத் திடீரெனத் திறப்பதும் மூடுவதும்கூட மின்னெழுச்சியைத் தோற்றுவிக்கும். வானத்திலிருந்து வருவது ஒன்று. மின்பாதைக்குள்ளேயே பிறப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே கணித நெறியில் அடக்கி, மாறுநிலை மின்நிகழ்வுகளைப் பற்றி 1909ஆம் ஆண்டில் அவர் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

மின்னெழுச்சியின் வலிமையைச் சிறு கணக்கால் உணரலாம். கம்பத்தின்மேல் செல்லும் மின்கம்பி, அலைக்குக் காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ 400 ஓம். 30,000 ஆம்பியர் மின்னல் ஒன்று கம்பியின் நடுவே விழுந்தால், அது இருபுறமும் பாதி பாதியாகப் பிரியும். 15,000 ஆம்பியரை 400ஆல் பெருக்கினால் 60 லட்சம் வோல்ட் கிடைக்கிறது. ஊர்ப்புற மின்மாற்றிக்கு வரும் கம்பியின் வழக்கமான அழுத்தமோ 11,000 வோல்ட். ஐந்நூறு மடங்கிற்கும் மேற்பட்ட இவ்வழுத்தத்தை எந்த மின்காப்பும் தாங்காது. அது முழுமையாக உயர்வதற்கு முன்பே பீங்கான் காப்பான்களின் மேற்பரப்பில் பொறி பாய்ந்துவிடும். எஞ்சும் அலையே கருவிகளைக் கருக்கப் போதுமானது.

அந்த அலை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடும். நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் 300 மீட்டரைக் கடக்கும். மலைமுகட்டில் விழுந்த மின்னல் முப்பது கிலோமீட்டர் கடந்து அடிவாரத்தை அடைய, நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். மனிதர் எவரும் ஓடிச்சென்று விசையை அணைக்க முடியாது. அன்றியும், ஏரியின் அலை கரையில் மோதும்போது மேலெழும்புவதுபோல, மின்னலையும் மின்மாற்றியில் மோதித் திரும்பும்போது ஏறத்தாழ இருமடங்காக உயர்கிறது. விழுந்த இடத்தைவிட்டுத் தொலைவில் இருக்கும் கருவி பழுதாவதன் காரணம் இவ்வாறு விளங்கிற்று.

கலிங்கு கற்பிக்கும் பாடம்

கள்ளக்குறிச்சிச் சமவெளியின் ஏரிகளில் கலிங்கு அமைத்தவர்கள் நம் முன்னோர். ஏரி நிறையும்வரை கலிங்கு ஒரு சொட்டு நீரையும் வெளியே விடாது. நீர்மட்டம் அளவு கடந்தால் மிகுதி நீர் கலிங்கின் வழியே வழிந்தோடும், கரை பிழைக்கும். மட்டம் இறங்கியதும் வழிதல் தானே நின்றுவிடும். பாசனத்திற்கான நீர் ஏரியில் தங்கும்.

மின்னெழுச்சிக் காப்பான் மின்பாதையின் கலிங்கு. ஒருமுனை கம்பியோடும் மறுமுனை நிலத்தோடும் இணைக்கப்படும். வழக்கமான அழுத்தத்தில் அது மூடிய கதவு. அழுத்தம் எல்லை கடந்தால் நொடிப்பொழுதினும் சிறுபொழுதில் திறந்து, மிகுதியை நிலத்திற்குள் செலுத்தும். எழுச்சி அடங்கியதும் மீண்டும் மூடிக்கொள்ள வேண்டும்.

திறப்பது எளிது, இரு உலோக முனைகளுக்கு இடையே சிறு காற்றிடைவெளி விட்டால் போதும். மூடுவதே கடினம். பொறி பாய்ந்த காற்று சூடேறி மின்கடத்தியாகிறது. மின்னல் கடந்து சென்ற பின்னும், அதே வழியைப் பற்றிக்கொண்டு மின்நிலையத்தின் மின்சாரமும் நிலத்திற்குள் பாயத் தொடங்கும். கலிங்கு உடைந்து ஏரியே வடிவதைப் போன்றது இது. இத்தொடர்பாய்ச்சலை நிறுத்துவதில்தான் அக்காலப் பொறியாளர்கள் போராடினர். காந்த விசையால் பொறியை ஊதியணைக்கும் கருவி ஒன்று வந்தது. அலுமினியத் தகடுகளின்மேல் படரும் மெல்லிய படலத்தைக் கதவாகப் பயன்படுத்தும் கருவி மற்றொன்று வந்தது. பின்னது நன்கு காத்தது. ஆயினும், படலம் அழியாதிருக்கப் பணியாளர் நாள்தோறும் அதற்கு மின்னூட்ட வேண்டியிருந்தது.

எந்தக் கருவி எவ்வளவு காக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்கவும் அந்நாளில் உறுதியான வழியில்லை. உண்மையான மின்னல் விழும்வரை காத்திருக்க வேண்டும். எங்கே விழும், எவ்வளவு வலிமையோடு விழும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே, வேண்டும்போது வரவழைக்கக்கூடிய மின்னல் ஒன்று ஸ்டைன்மெட்ஸுக்குத் தேவைப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்னும் கருத்தை ஆய்வால் நிறுவ வழிகாட்டியவர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706 – 1790). அவர் கூறிய முறையில் 1752ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஆய்வு வெற்றி பெற்றது. கூரிய இரும்புக் கோலைக் கூரைமேல் நிறுத்தி நிலத்தோடு இணைக்கும் இடிதாங்கி அவருடைய படைப்பு. 1753ஆம் ஆண்டு ரஷ்யாவில் இத்தகைய ஆய்வை மேற்கொண்ட கியோர்க் ரிச்மான் என்னும் அறிஞர் மின்னல் தாக்கி உயிர் துறந்தார். பிராங்க்ளினின் இடிதாங்கி கட்டடத்தைக் காப்பது. மின்னெழுச்சிக் காப்பான் மின்சுற்றைக் காப்பது. இரண்டும் வேறுவேறு பணிக்கு உரியவை.

சிதறிய கண்ணாடியும் செயற்கை மின்னலும்

மோகாக் ஆற்றங்கரை அருகே ஸ்டைன்மெட்ஸுக்கு மரக்குடில் ஒன்று இருந்தது. கோடைக்காலத்தில் அவர் அங்கே தங்குவார். சிறு படகில் அமர்ந்து, குறுக்கே வைத்த பலகையின்மேல் தாள்களைப் பரப்பிக் கணக்கிடுவார். 1920ஆம் ஆண்டில் அக்குடிலை மின்னல் தாக்கியது. சுவரிலிருந்த நிலைக்கண்ணாடி சில்லுசில்லாகச் சிதறியது. வேறொருவர் அதனைப் பெருக்கி எறிந்திருப்பார். ஸ்டைன்மெட்ஸ் ஒவ்வொரு சில்லாகத் தேடிப் பொறுக்கினார். உடைந்த இடத்தோடு உடைந்த இடம் பொருந்துமாறு அடுக்கி, இரு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே பதித்தார். கண்ணாடியின் வெள்ளிப் பூச்சில் மின்னல் சென்ற தடம் கிளைகிளையாகத் தெரிந்தது. கண்ணிமைப்பதற்குள் மறையும் ஒன்று தன் கையெழுத்தை விட்டுச் சென்றிருந்தது.

அடுத்த ஈராண்டுகளில் அவர் தம் ஆய்வுக்கூடத்தில் செயற்கை மின்னல் ஆக்கியை அமைத்தார். கண்ணாடித் தகடுகளாலான மின்தேக்கிகள் வரிசைவரிசையாக நிறுத்தப்பட்டன. சிறுகச் சிறுக மின்னூட்டி நிரப்பி, ஒரே கணத்தில் அனைத்தையும் வெளியேற்றுவதே அதன் முறை. 1922ஆம் ஆண்டில் அது பலர் காண இயக்கப்பட்டது. 1,20,000 வோல்ட் அழுத்தமும் 10,000 ஆம்பியர் மின்னோட்டமும் நொடியின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நேரம் பாய்ந்தன. வெடியோசை கூடத்தை உலுக்கியது; மரக்கட்டை பிளந்து சிதறியது. அவ்வாண்டு அக்டோபரில் தாமஸ் ஆல்வா எடிசன் ஸ்கெனக்டடிக்கு வந்து இவ்வாய்வை நேரில் கண்டார்.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் 120 கோடி வாட் திறன் கிடைக்கிறது. ஆனால், அது பாய்ந்த நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல் 12,000 ஜூல் மட்டுமே. 100 வாட் விளக்கு ஒன்றை இரண்டு நிமிடம் எரிக்க அது போதும், அதற்குமேல் போதாது. மின்னலின் அழிவாற்றல், ஆற்றலின் அளவைவிட அது வெளிப்படும் விரைவிலேயே அடங்கியுள்ளது. எனவே, காக்கும் கருவியும் அவ்விரைவுக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

செயற்கை மின்னலால் காப்பான்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க முடிந்தது. எது திறக்கிறது, எது தாமதிக்கிறது, எது மூடத் தவறுகிறது என்பவை அளவுகளாகக் கிடைத்தன. விதியின் விளையாட்டாக விடப்பட்டிருந்த ஒன்று, அளந்து திருத்தக்கூடிய பொறியியலாக மாறியது.

அறிவியலுக்கு அப்பால்

தம் உடற்குறை அடுத்த தலைமுறைக்கும் தொடரக்கூடும் என்று எண்ணிய ஸ்டைன்மெட்ஸ் மணம் செய்துகொள்ளவில்லை. ஆயினும், தனிமையில் வாழவும் இல்லை. தம் ஆய்வுக்கூட உதவியாளரான ஜோசப் ஹேடனையும் அவர் மனைவியையும் தம் இல்லத்திலேயே தங்கச் செய்தார். பின்னர் ஹேடனை முறைப்படி மகனாக ஏற்றார். அவர்களுடைய மூன்று குழந்தைகளும் அவரைத் தாத்தாவாகக் கொண்டு வளர்ந்தனர். வீட்டையொட்டிய கண்ணாடி மனையில் கள்ளிச்செடிகளை அவர் வளர்த்தார்.

பட்டம் பெறாமல் நாடு துறந்தவருக்கு யூனியன் கல்லூரி 1903ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் வழங்கியது. அக்கல்லூரியில் அவர் மின்பொறியியல் பேராசிரியராகவும் விளங்கினார். அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் தலைமைப் பொறுப்பு 1901ஆம் ஆண்டில் அவரை நாடி வந்தது. நகரின் கல்விக் குழுவுக்குத் தலைமையேற்றபோது, இடமின்றித் தவித்த பள்ளிகளுக்கு வகுப்பறைகள் கிடைக்கவும், நலிவுற்ற குழந்தைகளுக்குத் தனிவகுப்புகள் அமையவும் பாடுபட்டார். துறைமுகத்தில் சுமையென ஒதுக்கப்படவிருந்தவர், எந்தக் குழந்தையும் அவ்வாறு ஒதுக்கப்படலாகாது என்பதில் கருத்தாக இருந்தார்.

1923ஆம் ஆண்டு குடும்பத்தாருடன் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு நெடும்பயணம் சென்று திரும்பிய சில நாள்களில், அக்டோபர் 26ஆம் நாள், தம் 58ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

தொடரும் பணி

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தனர். 1930ஆம் ஆண்டளவில் சிலிக்கன் கார்பைடு கட்டிகள் காப்பானுக்குள் இடம்பெற்றன. 1960களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் துத்தநாக ஆக்சைடு கலந்த சுட்டாங்கல்லின் சிறப்பைக் கண்டறிந்தனர். அழுத்தம் எல்லைக்குள் இருக்கும்போது அது மின்சாரத்தை ஏறக்குறைய முற்றிலும் தடுக்கும். எல்லை கடந்தால் தாராளமாக வழிவிடும். எழுச்சி அடங்கியதும் தானே மூடும். நாள்தோறும் மின்னூட்டவும் வேண்டா, காற்றிடைவெளியும் வேண்டா. இன்று நம் ஊர் மின்மாற்றியின் அருகே காணும் உருளைகளுக்குள் இருப்பது பெரும்பாலும் இப்பொருளே.

கருவி எவ்வளவு சிறந்ததாயினும், நிலத்தொடர்பு செம்மையாக இல்லையெனில் பயனில்லை. கலிங்கிலிருந்து நீர் வழிந்தோட வாய்க்கால் வேண்டுமல்லவா? சமவெளியின் ஈரமண் மின்சாரத்தை எளிதில் ஏற்கும். மலையின் பாறையும் கோடையில் காய்ந்த மண்ணும் அவ்வாறு ஏற்பதில்லை. அதனால் ஆழக் குழிதோண்டிக் குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, ஈரம் காயாமல் நீரூற்றிப் பேணுவர். ஒரு குழாய் போதாத இடத்தில் பலவற்றைப் புதைத்து ஒன்றோடொன்று இணைப்பர். காப்பானை மின்மாற்றிக்கு மிக அருகில் பொருத்துவதும், நிலத்திற்குச் செல்லும் கம்பியைக் குறுகியதாகவும் நேராகவும் அமைப்பதும் இன்றியமையாதவை. சுற்றி வளைத்துச் செல்லும் கம்பியில் அலை தயங்கும். அத்தயக்கமே அழுத்தமாக உயர்ந்து கருவியைத் தாக்கும்.

வீடுகளிலும் இக்கோட்பாடே பொருந்தும். மின்பெட்டியில் பொருத்தும் சிறு காப்பான் எஞ்சிய எழுச்சியை நிலத்திற்கு அனுப்பும். இடிமழை நெருங்கும்போதே தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் செருகிகளைக் கழற்றி வைப்பது அதனினும் நன்று. அழுத்த ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் நிலைப்படுத்தி, மின்னல் எழுச்சியைத் தடுக்கும் கருவி ஆகாது. இடி முழங்கும்போது தனிமரத்தின் அடியில் நிற்றலும், வெட்டவெளியில் நடத்தலும், மின்கம்பத்தையும் இழுகம்பியையும் தொடுதலும் உயிருக்கே ஊறு விளைப்பன.

கோடை மாலையில் கல்வராயன் மலைமேல் மின்னல் வெட்டும்போது, அடிவாரத்தில் விளக்கு ஒருமுறை இமைத்து மீண்டும் எரிவதுண்டு. அந்த இமைப்பொழுதில் எங்கோ ஒரு காப்பான் திறந்து மூடியிருக்கலாம். மாணவர் தம் பாடத்தை விட்ட வரியிலிருந்து தொடர்வர்.

கலைச்சொற்கள்

மின்னெழுச்சி – மின்சுற்றில் மிகக் குறுகிய நேரத்திற்குத் தோன்றும் மிகை அழுத்தம்
மின்னெழுச்சிக் காப்பான் – மிகை அழுத்தத்தை நிலத்திற்குத் திருப்பி மின்கருவியைக் காக்கும் கருவி
காந்தத் தயக்கம் – காந்தமாக்கும் விசை மாறும்போது இரும்பின் காந்தத்தன்மை பின்தங்கி மாறுதல்
மாறுநிலை நிகழ்வு – ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்லும்போது இடையே நிகழும் மாற்றம்
நிலத்தொடர்பு – மின்கருவியைக் கடத்தியின் வழியே நிலத்தோடு இணைத்தல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் இடிதாங்கியையும் அருகிலுள்ள மின்மாற்றியின் மின்னெழுச்சிக் காப்பான்களையும் தொலைவில் நின்று பார்த்து, இரண்டின் பணி வேறுபாட்டை எழுதுக.
2. ஏரியின் கலிங்கை மின்னெழுச்சிக் காப்பானோடு ஒப்பிட்டதுபோல, மின்னியல் கருத்து ஒன்றை உங்கள் ஊரின் தொழிலோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
3. இடிமழைக் காலப் பாதுகாப்பு குறித்து உங்கள் ஊர்மக்களுக்கு எளிய தமிழில் அறிவிப்பு ஒன்று உருவாக்குக.
4. உடற்குறையை வென்று சாதித்த அறிஞர் ஒருவரின் வாழ்வை ஸ்டைன்மெட்ஸின் வாழ்வோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாற்றுக.